ஹார்டாங்கர் ஃபியோர்டு: ஆப்பிள் மரத்திலிருந்து கார்பைடு உலை வரை, ஐந்து நாள் வழிகாட்டி

ஊரிலிருந்து நார்வேயின் பேர்கன் நகருக்கு எங்களைப் பார்க்க வருகிறவர்கள், பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அந்த நாக்கு மாதிரி நீண்டிருக்கும் பாறைக்கு எப்போது கூட்டிப்போகிறாய்?" அவர்கள் கேட்பது ட்ரோல்துங்காவை. கைப்பேசியில் அந்தப் படத்தைப் பார்க்காதவர்களே இல்லை. ஆனால் அந்தப் பாறை எந்த ஃபியோர்டின், அதாவது மலைகளுக்கு நடுவே நாட்டுக்குள் நீண்டுவரும் எந்தக் கடல்நீரின் பக்கம் இருக்கிறது என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. கோபுர வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு, உள்ளே போகாமலே திரும்புகிறவர்களை என்ன சொல்வது?

அந்த ஹார்டாங்கர் ஃபியோர்டு ஒரு காட்சிப்பொருள் அல்ல. எண்ணூறு ஆண்டுகளாக வேலை பார்த்துவரும் நீர் இது. துறவிகளின் தோட்டத்துக்குப் பாய்ந்தது, மரக்கலங்களைச் சுமந்தது, குழாய்க்குள் இறங்கி உலைகளை எரித்தது, ஒரு காலத்தில் நஞ்சையும் வாங்கிக்கொண்டது. இந்த வரிசையில் பார்த்துக்கொண்டே போனால் பாறையும் தானாகவே வழியில் வந்துவிடும். அப்படித்தான் இந்த ஐந்து நாள் பயணத்தை அமைத்திருக்கிறேன்.

முதலில் வரைபடத்தை விரியுங்கள்

ஹார்டாங்கர் ஃபியோர்டின் நீளம் 179 கிலோமீட்டர். நார்வேயில் இதைவிட நீளமானது சோக்னே ஃபியோர்டு மட்டுமே. பேர்கனுக்குத் தெற்கே கடலில் தொடங்கி, வடகிழக்காக நாட்டின் உள்ளே ஏறி, ஹார்டாங்கர்விட்டா என்ற பெரும் மலைமேட்டின் அடிவாரத்தில் முடிகிறது. பெயரில் உள்ள 'அங்கர்' என்பது ஃபியோர்டைக் குறிக்கும் பழைய சொல். முன்பகுதி, இங்கே வாழ்ந்த ஹோர்டர் என்ற இனத்தாரின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள்.

பனியுகங்களில் பனியாறுகள் பழைய ஆற்றுப் பள்ளத்தாக்கைக் கீழ்நோக்கிக் குடைந்தன. பனி விலகியபோது கடல் உள்ளே வந்தது. பனியின் கனம் உள்நாட்டில் அதிகம், கடலோரத்தில் குறைவு. அதனால் ஃபியோர்டு நடுவில் ஆழமாகவும் வாயில் ஆழம் குறைந்தும் இருக்கிறது. நடுவே ஆழம் 800 மீட்டரைத் தாண்டும். நீங்கள் படகில் அமைதியாகத் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது காலுக்குக் கீழே ஒரு மலை தலைகீழாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆழம்தான் ஆப்பிளுக்கும் காரணம். ஹார்டாங்கர் ஏறத்தாழ 60 பாகை வடக்கு அட்சத்தில் இருக்கிறது. கிரீன்லாந்தின் தென்முனையும் அதே அட்சம்தான். அங்கே பனிக்கட்டி, இங்கே பழத்தோட்டம். அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டம் கடற்கரையைச் சூடாக வைக்கிறது. ஆழமான நீர் எளிதில் உறையாமல் கோடையின் வெப்பத்தைச் சேமித்துவைக்கிறது. உயர்ந்த மலைகள் காற்றைத் தடுக்கின்றன. ஜூன் மாதத்தின் நீண்ட பகலும் குளிர்ந்த இரவும் சேர்ந்து பழத்துக்குப் புளிப்பும் இனிப்பும் ஒருங்கே தருகின்றன.

எந்த மாதம்?

மே மாத இரண்டாம் பாதி என்றால் பூ. கரையெங்கும் ஆப்பிளும் பிளம்ஸும் வெள்ளை இளஞ்சிவப்பாகப் பூத்திருக்க, மேலே மலையில் பனி அப்படியே இருக்கும். பனி உருகும் காலம் என்பதால் அருவிகளும் பெருகி விழும். மே 17 நார்வேயின் தேசிய நாள். அன்று இங்கே இருந்தால் ஹார்டாங்கர் பெண்கள் சிவப்பு மேற்சட்டையும் வெள்ளை ஏப்ரனுமாகப் பாரம்பரிய உடையில் தெருவில் நடப்பதைக் காணலாம். அந்த ஏப்ரனின் ஓரத்தை உற்றுப் பாருங்கள். வெள்ளைத் துணியில் வெள்ளை நூல், இழைகளை எண்ணி எண்ணி அறுத்துப் பின்னிய கட்டங்கள். புள்ளி எண்ணிக் கோலம் போட்டவர்களுக்கு அந்தக் கணக்கு உடனே பிடிபடும்.

ஆனால் மே மாதத்தில் ட்ரோல்துங்கா பாதை பனியில் கிடக்கும். நடைதான் முக்கியம் என்றால் ஜூலை, ஆகஸ்ட். பழம் முக்கியம் என்றால் செப்டம்பர். எனக்குச் செப்டம்பர் முதல் இரண்டு வாரங்கள்தான் பிடிக்கும்: கூட்டம் குறைந்திருக்கும், ஆப்பிள் பழுத்திருக்கும், மலைப்பாதையும் பெரும்பாலும் திறந்திருக்கும். எந்த மாதமானாலும் மழைச்சட்டை கட்டாயம். பேர்கன்காரர்கள் குடையை நம்புவதில்லை, காற்று அதைத் திருப்பிவிடும்.

எப்படிப் போவது?

கார் இருந்தால் நல்லது. பேர்கனிலிருந்து நூர்ஹைம்சுண்டுக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம். பஸ்ஸும் போகிறது. கோடையில் நூர்ஹைம்சுண்டிலிருந்து ஐட்ஃபியோர்டு வரை பயணிகள் படகு உண்டு. ஃபியோர்டின் தெற்குக் கிளையின் முனையில் இருக்கும் ஒட்டா என்ற ஊருக்கு நேரே போக வேண்டியவர்கள் ரயிலில் வோஸ் வரை போய் அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். அந்த பஸ் ஹார்டாங்கர் பாலத்தைக் கடக்கும். 2013 ஆகஸ்டில் திறக்கப்பட்ட இந்தத் தொங்குபாலத்தின் நடு இடைவெளி மட்டும் 1,310 மீட்டர். பாலத்திலிருந்து நேராக மலைக்குள் நுழைந்தால், சுரங்கத்துக்குள்ளேயே நீல வெளிச்சத்தில் ஒரு ரவுண்டானா! குழந்தைகள் இருந்தால் முன்கூட்டியே சொல்லாதீர்கள், அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸும் படகும் குறைவு. புறப்படும் முன் அன்றைய நேர அட்டவணையைப் பார்த்துவிடுங்கள். ஒரு முறை பார்க்காமல் போய், ஒரு படகுத்துறையில் மூன்று மணி நேரம் மழையில் நின்றேன். அதற்குப் பிறகு மறப்பதில்லை.

முதல் நாள்: நூர்ஹைம்சுண்ட்

ஊருக்குச் சற்று முன்பே ஸ்டைன்ஸ்டால்ஸ்ஃபோஸன் அருவி. 'ஃபோஸ்' என்றால் அருவி என்பதை நினைவில் வையுங்கள், ஐந்து நாளும் உதவும். இதன் பின்புறமாக நனையாமல் நடந்து போகலாம். ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் கோடைதோறும் இங்கே வந்துபோனார். அரை மணி நேரம் போதும்.

மீதி நாளைத் துறைமுகத்தில் இருக்கும் மரக்கலப் பாதுகாப்பு மையத்துக்குக் கொடுங்கள். பழைய மரக்கப்பல்களைப் பழைய முறையிலேயே பழுதுபார்க்கும் இடம் இது. கயிறு திரிக்கிறார்கள், பலகை வளைக்கிறார்கள், தார் மணக்கிறது. 1884-இல் கட்டப்பட்ட 'மத்தில்டே' என்ற பாய்மரக்கப்பலை இவர்கள்தான் மீட்டெடுத்தார்கள். சாலைகள் வருவதற்கு முன் இந்த ஊர்களுக்குத் தெரு என்றால் நீர்தான். சந்தைக்கு, திருமணத்துக்கு, சவ அடக்கத்துக்கு எல்லாம் படகு.

நார்வேக்காரர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான ஓவியம் ஒன்று உண்டு: ஃபியோர்டில் மிதக்கும் மணமகளின் படகு, கிரீடம் அணிந்த பெண், பிடில் வாசிப்பவர், பின்னே பனிமலை. 1848-இல் இருவர் சேர்ந்து வரைந்தது. மனிதர்களை அடால்ஃப் தீடமண்ட் என்பவரும், மலையையும் நீரையும் ஹான்ஸ் கூடே என்பவரும் தீட்டினார்கள். ஜெர்மனியில் வாழ்ந்த ஓவியர்கள் அவர்கள். படத்தில் இருப்பதைப்போல ஓர் இடத்தை ஹார்டாங்கரில் தேடாதீர்கள், பல இடங்களைச் சேர்த்துக் கற்பனையில் எழுப்பியது. ஆனாலும் தனி நாடாகத் தலைநிமிர விரும்பிய ஒரு மக்கள், தங்கள் முகம் இதுதான் என்று அந்தப் படத்தை ஏற்றுக்கொண்டார்கள். சுற்றுலாவும் அதன் பின்னாலேயே வந்தது.

இரண்டாம் நாள்: படகேறி ஆப்பிள் நாட்டுக்கு

குவாண்டால் துறையில் கார் ஏற்றும் படகைப் பிடித்து ஊட்னேயில் இறங்குங்கள். 1722 முதல் விருந்தினரை வரவேற்கும் ஒரு விடுதி துறையருகே இருக்கிறது. தங்க வசதி இல்லாவிட்டாலும் ஒரு காப்பி குடிக்கலாம். அதன் அருகில் உள்ள நாட்டுப்புற அருங்காட்சியகத்தில் ஹார்டாங்கர் பிடிலைப் பாருங்கள்.

சாதாரண வயலினைப்போல நான்கு தந்திகள் மேலே, அவற்றுக்கு அடியில் நான்கோ ஐந்தோ தந்திகள். அடித்தந்திகளை வில் தொடுவதில்லை. மேலே எழும் சுருதிக்கு அவை தாமாக அதிர்ந்து முனகும். சிதாரின் தரப் தந்திகளைக் கேட்டவர்களுக்கு இந்த ரீங்காரம் பழக்கமானதாகவே இருக்கும். 1651 என்று ஆண்டு பொறித்த, உல்லன்ஸ்வாங்கைச் சேர்ந்த ஊலே யோன்சன் யோஸ்டாட் செய்த பிடிலே இவ்வகையில் மிகப் பழையதாகச் சொல்லப்படுகிறது. பிற்காலப் பக்திமான்கள் சிலர் இதைச் சைத்தானின் கருவி என்று ஒதுக்கினார்கள், எரித்தவர்களும் உண்டு. நடனத்தோடும் குடியோடும் சேர்ந்தே ஒலித்ததுதான் அதன் குற்றம்.

கார் இருந்தால் ஊட்னேயிலிருந்து தெற்கே, சோர்ஃபியோர்டு என்ற கிளையின் மேற்குக் கரை வழியாக ஆகாவுக்குப் போய் வாருங்கள். சாலை குறுகல், எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போகத்தான் வேண்டும். ஆகாதுனெட் என்பது ஒரே முற்றத்தைச் சுற்றி நெருக்கியடித்து நிற்கும் முப்பதுக்கும் மேற்பட்ட மரக்கட்டடங்கள். நடுவே நிற்கும் நீதிபதியின் கூடம் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பங்காளிகள் நிலத்தைப் பிரித்துக்கொண்டே போனதால் வீடுகள் இப்படி ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. நம் ஊரில் பாகப்பிரிவினை பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

பிறகு படகில் கின்சர்விக், அங்கிருந்து கிழக்குக் கரையில் லோஃப்ட்ஹூஸ். இதுதான் பழத்தோட்டங்களின் நடு ஊர். பேர்கனுக்குத் தெற்கே 1146-இல் இங்கிலாந்திலிருந்து வந்த சிஸ்டெர்சியர் என்ற கிறித்தவத் துறவிகள் லீசே மடத்தை நிறுவினார்கள். அவர்களுக்கு லோஃப்ட்ஹூஸில் ஒப்பெடால் பண்ணை சொந்தமாக இருந்தது. அங்கே அவர்கள் 13-ஆம் நூற்றாண்டில் பழமரங்களை வளர்க்கத் தொடங்கினார்கள் என்பதே இங்கே வழிவழியாகச் சொல்லப்படுவது. மலைமேட்டுக்கு ஏற அவர்கள் அடுக்கியதாகச் சொல்லப்படும் 616 கற்படிகள் இன்றும் இருக்கின்றன. கையில் ஜபமாலையோடு துறவிகள் இந்தப் படிகளில் ஏறினார்களோ, மூச்சிரைத்து வைதுகொண்டே ஏறினார்களோ, நான் இரண்டாவது ரகம்.

சாலையோரத்தில் ஆளில்லாத சின்னக் கடைகள் இருக்கும்: ஜூலையில் செர்ரி, ஆகஸ்டில் பிளம்ஸ், பிறகு ஆப்பிள். பையை எடுத்துக்கொண்டு பணத்தைப் பெட்டியில் போட வேண்டும். இப்போது பலர் கைப்பேசிச் செயலி வழியாகவே பணம் வாங்குகிறார்கள். ஊரிலிருந்து வரும் பயணிகளுக்கு அது பெரும்பாலும் பயன்படாது என்பதால் சில்லறை நோட்டும் நாணயமும் வைத்திருங்கள். ஆப்பிளை நொதிக்கவைத்துச் செய்யும் ஹார்டாங்கர் சைடர், பெயர்க் காப்பு பெற்ற பானம்: வேறு ஊரில் செய்ததை அந்தப் பெயரில் விற்க முடியாது. 2016 முதல் பண்ணைகளே இதை நேரடியாக விற்கலாம். குடிக்காதவர்களுக்குப் பிழிந்த சாறு இருக்கிறது, அதுவும் குறைந்ததல்ல.

இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக் 1877-78-இல் இந்த ஊரில் தங்கிப் பணியாற்றினார். யார் தொந்தரவும் இல்லாமல் எழுத அவர் கட்டிக்கொண்ட சிறு மரக்குடிசை இப்போது ஒரு விடுதியின் தோட்டத்தில் நிற்கிறது. எட்டிப் பார்க்கலாம்.

மூன்றாம் நாள்: ஒட்டாவும் தீசெடாலும்

பெரும்பாலான பயணிகள் ஒட்டாவில் தூங்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். இந்தப் பயணத்துக்கு உங்களிடம் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால், நான் இந்த நாளைத்தான் சொல்வேன்.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒட்டா பணக்காரப் பயணிகளின் ஊர். பெரிய மர விடுதிகள், பனியாற்றைப் பார்க்கக் குதிரைவண்டிகள், அருவிகளைப் பார்க்க வழிகாட்டிகள். பிறகு அந்த அருவிகளுக்கு வேறு விலை பேசப்பட்டது. 1906-இல் பக்கத்து ஊரான தீசெடாலில் நீர்மின் நிலையம் எழத் தொடங்கியது. மலைமேல் ஏரி, கீழே ஃபியோர்டு, நடுவே செங்குத்தான சரிவு. மின்சாரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? 1908-இல் மின்சாரம் ஒட்டாவுக்கு வந்தது, கார்பைடு ஆலை ஓடத் தொடங்கியது. சுண்ணாம்பையும் கரியையும் மின்னுலையில் உருக்கினால் கால்சியம் கார்பைடு. அந்நாளில் இதுவே உலகின் மிகப் பெரிய கார்பைடு ஆலையாக இருந்தது.

நம் சந்தைகளில் மாங்காயைக் கள்ளத்தனமாகப் பழுக்கவைக்கப் போடுகிறார்களே, அதே கார்பைடு கல்தான். அங்கே அது விளக்கெரிக்கவும் உலோகம் ஒட்டவும் உரம் செய்யவும் போனது. இந்த ஆலையில்தான் எர்லிங் யோன்சன் 1920-களின் கடைசியில் பாறைப் பாஸ்பேட்டை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து உரம் செய்யும் முறையைக் கண்டுபிடித்தார். வேதிப்பொறியியல் நூல்களில் இன்றும் அதற்கு 'ஒட்டா முறை' என்றே பெயர். இந்தச் சின்ன ஊரின் பெயர், அதைக் கேள்விப்படாத எத்தனையோ உழவர்களின் உரமூட்டைக்குப் பின்னால் இருக்கிறது.

ஊருக்கு வேலை கிடைத்தது, தொழிற்சங்கங்கள் எழுந்தன, ஃபியோர்டு அழுக்கானது. துத்தநாக ஆலையின் கழிவு நேராக நீருக்குள் போனது. 1970-களில் சோர்ஃபியோர்டு உலகிலேயே உலோக மாசு மிகுந்த ஃபியோர்டுகளில் ஒன்றாக எண்ணப்பட்டது. 1986 முதல் அந்தக் கழிவை மலைக்குள் குடைந்த குகைகளில் அடைக்கிறார்கள். நீர் வெகுவாகத் தெளிந்துவிட்டது, அடிச்சேறு இன்னும் பழையதை மறக்கவில்லை. கடலில் தூண்டில் போட இங்கே யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் இந்தக் கிளையில் பிடித்த மீனைக் குழம்பு வைப்பதற்கு முன், நார்வே உணவுப் பாதுகாப்புத் துறையின் நடப்பு அறிவுரையைப் பார்த்துவிடுங்கள்.

கார்பைடு ஆலை 2003-இல் மூடியது. தீசெடாலின் பழைய மின்நிலையம் இப்போது அருங்காட்சியகம். உயரமான சன்னல்கள், பளிங்குப் பலகைகள், வரிசையாகப் படுத்திருக்கும் விசையாழிகள்: முதன்முறை நுழைந்தபோது நான் செருப்பைக் கழற்றப் போனேன். அவ்வளவு கோயில் களை. மலைச்சரிவில் இறங்கும் பழைய நீர்க்குழாயை ஒட்டி, இரும்புக் கம்பிப் பிடிகளில் வழிகாட்டியோடு ஏறும் பாதையும் உண்டு. தலைசுற்றல் உள்ளவர்கள் கீழே நின்று கையசைக்கலாம்.

மாலையில் தெற்கே லோத்தெஃபோஸனுக்குப் போங்கள். இரண்டு அருவிகள் ஒன்றாக விழ, பழைய கற்பாலத்தின் மேல் சாலை போகிறது. கார்க் கண்ணாடியை மூடிக்கொள்ளுங்கள்.

நான்காம் நாள்: பாறைக்கா, படிக்கா?

ட்ரோல்துங்கா ஒரு உலா அல்ல. ஷெக்கெடால் கார் நிறுத்தத்திலிருந்து போய்வரச் சுமார் 27 கிலோமீட்டர், ஏற்றம் ஏறத்தாழ 800 மீட்டர், 10 முதல் 12 மணி நேரம். மேலே உள்ள மோகெலிடொப்பில் தொடங்கினால் 20 கிலோமீட்டர். அங்கே கார் நிறுத்த இடம் மிகக் குறைவு, முன்பதிவு கட்டாயம். வழிகாட்டி இல்லாமல் போகத் தகுந்த பருவம் ஜூன் முதல் செப்டம்பர் வரை, அதுவும் பனியைப் பொறுத்தது. 2010-க்கு முன் ஆண்டுக்குச் சில நூறு பேர் ஏறிய இடம் இது. 2016-இல் ஏறத்தாழ 80,000 பேர் ஏறினார்கள். பாறை மாறவில்லை, கைப்பேசி வந்தது.

விடியற்காலையிலேயே புறப்படுங்கள். கணுக்காலைப் பிடிக்கும் காலணி, கம்பளி உள்ளாடை, மழைச்சட்டை, தலைவிளக்கு, மின்னேற்றிய கைப்பேசி, நாள் முழுவதற்கும் சாப்பாடு. புளியோதரை இந்த மலைக்கென்றே கண்டுபிடித்த உணவு: ஆறினாலும் கெடாது, கனமும் தாங்கும். ஒரு கோடையில் என் சித்தப்பா மகன் ஓட்டக் காலணியோடு வந்தான். பாதி வழியில் மூடுபனி இறங்கியது, அவன் கால் ஏற்கெனவே நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தான். திரும்பினோம். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, அண்ணா" என்று வழியெல்லாம் புலம்பினான். நார்வேயின் மலை விதிகளில் ஒன்று, நேரத்தோடு திரும்புவதில் வெட்கமில்லை என்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் அது தெரியும். ஆபத்தென்றால் காவல்துறைக்கு 112, ஆம்புலன்சுக்கு 113.

பாறையின் நுனியில் நின்று படம் எடுக்க வரிசை இருக்கும், சில நாட்களில் ஒரு மணி நேரத்துக்கும் மேல். படத்தில் தனிமை தெரியும், வரிசை தெரியாது. கீழே தெரியும் ரிங்கெடால் ஏரியும் இயற்கையானபடியே இல்லை. நேற்று நீங்கள் பார்த்த மின்நிலையத்துக்காக அணைகட்டி உயர்த்திய நீர் அது.

இத்தனையும் வேண்டாம் என்பவர்களுக்கு நான் சொல்வது கின்சர்விக்கிலிருந்து லோஃப்ட்ஹூஸ் வரையிலான அரசி பாதை. அரசி சோன்யாவின் பெயர் கொண்ட இது 16 கிலோமீட்டர், முழுநாள் நடை. ஃபியோர்டு முழுவதும் காலடியில் விரிந்து, கடைசியில் துறவிகளின் படிகள் வழியாகத் தோட்டத்துக்கு இறங்கும். என் கணக்கில் ட்ரோல்துங்காவைவிட இதுவே அழகு. முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் ஐட்ஃபியோர்டு பக்கம் போய், 182 மீட்டர் விழும் வோரிங்ஸ்ஃபோஸனைப் படிப்பாலத்திலிருந்து பார்க்கலாம். கோடையில் அந்த அருவியில் நொடிக்குக் குறைந்தது 12 கனமீட்டர் நீர் விட வேண்டும் என்பது மின்நிலையத்துக்கு விதித்த நிபந்தனை. பயணிகளுக்காக அருவி வேலைக்கு வருகிறது என்றே சொல்லலாம்.

கூடாரம் போடுகிறவர்களுக்கு: 1957-ஆம் ஆண்டின் சட்டப்படி பயிரிடாத நிலத்தில் யாரும் நடக்கலாம், தங்கலாம். வீடுகளிலிருந்து 150 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பழத்தோட்டம் பயிர்நிலம், அங்கே கூடாது. ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டை ஒட்டியும் நெருப்பு மூட்டத் தடை.

ஐந்தாம் நாள்: பனிச் சாலை, பிரபுவின் வீடு

ஒட்டாவிலிருந்து 11 கிலோமீட்டர் சுரங்கம் ஃபோல்கெஃபோனா பனிப்பாறையின் அடியாகப் போய் மறுபக்கம் வெளிவரும். தலைக்கு மேலே நார்வே பெருநிலத்தின் மூன்றாவது பெரிய பனிப்பாறை. வெளியே வந்து சுண்டால் என்ற சிற்றூரில் நிறுத்தி, பொண்ட்ஹூஸ் ஏரிக்கு நடங்கள். ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், பாட்டிமாரும் நடக்கக்கூடிய பாதை. 1863-இல் இதைப் போட்டது சுற்றுலாவுக்காக அல்ல, பனிக்கட்டி விற்க. பனியாற்றிலிருந்து வெட்டிய கட்டிகளை ஏரியைக் கடத்தி, வண்டியில் ஃபியோர்டுக்கு இறக்கிக் கப்பலேற்றத் திட்டமிட்டார்கள். இன்று பனியாறு வெகுதூரம் பின்வாங்கி மலையிடுக்கில் நீலமாகத் தொங்குகிறது.

அடுத்தது ரோசெண்டால். நார்வேயில் பிரபுத்துவம் மெலிந்தது, இங்கே அதன் ஒரே பாரன் மாளிகை இருக்கிறது. டென்மார்க்கிலிருந்து வந்த லூட்விக் ரோசன்கிராண்ட்ஸ், பெருஞ்சொத்துக்கு வாரிசான காரன் மௌவத்தை மணந்து, 1665-இல் இந்த வீட்டைக் கட்டி முடித்தார். நம் அரண்மனைகளைப் பார்த்த கண்ணுக்குச் சிறியதுதான். ரோஜாத் தோட்டமும் பின்னால் எழும் மலையும்தான் ஈடுசெய்கின்றன. ஊரின் படகுகட்டும் மரபு எனக்கு அதைவிட முக்கியம். துருவப் பயணி அமுண்ட்சன் 1903 முதல் 1906 வரை, கனடாவுக்கு வடக்கே பனிக்கடலில் போகும் வடமேற்குக் கடல்வழியை முதன்முதலாகக் கப்பலில் கடந்தாரே, அந்த 'யோவா' என்ற கப்பல் 1872-இல் இங்கே மீன்பிடிக் கலமாகக் கட்டப்பட்டது. கயாக் ஓட்ட விரும்பினால் இங்கே காலையில் ஓட்டுங்கள். வெயில் நாட்களில் பிற்பகலில் கடற்காற்று ஃபியோர்டுக்குள் ஏறி அலை எழுப்பும். நீர் கோடையிலும் குளிர்ந்தது, உயிர்காப்புச் சட்டை இல்லாமல் இறங்கக் கூடாது.

கார் இல்லாமல் வந்தவர்கள் ரோசெண்டாலிலிருந்து விரைவுப் படகில் பேர்கன் திரும்பலாம். சன்னலோரம் உட்காருங்கள். சிறிது நேரத்தில் நீரின்மேல் வட்டவட்டமாகப் பெரிய வளையங்கள் வரும். சால்மன் வளர்க்கும் கூண்டுகள். இந்த ஃபியோர்டு இப்போது பார்க்கும் வேலை அது. கூண்டுகளில் பெருகும் மீன்பேன், ஆற்றுக்குத் திரும்பும் காட்டுச் சால்மன்களையும் பிடிக்கிறது என்பதால் இங்கே நடக்கும் சண்டை இன்னும் ஓயவில்லை. வீட்டுக்குப் போய் இரவுச் சாப்பாட்டுக்குச் சால்மன் பொரியலா, ஆப்பிளா என்று படகிலேயே பேசி முடிவெடுக்க ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் இருக்கிறது.